இரைச்சல் என்று பெயர் வாங்கிய குரல்

புதிதாக எந்த ஒலிப்பதிவு மென்பொருளை இறக்கினாலும் ருக்கையா முதலில் அதை அதட்டித்தான் சோதிப்பார். "ஒன், டூ, த்ரீ" எல்லாம் அவருக்குப் பிடிக்காது. தலையைச் சுற்றிய தூடோங் முக்காட்டுக்குள் கையை விட்டு, சின்ன டார்ச்லைட் அளவிலான கருவி ஒன்றைத் தாடைக்குக் கீழே அழுத்திக்கொண்டு, "எங்க, நீயாவது ஒழுங்கா கேளு பாப்போம்," என்பார். குரல் ஏற்ற இறக்கமில்லாமல், மிக்ஸி ஓடுகிற மாதிரி வரும். பிறகு பதிவை ஓடவிடுவார். பெரும்பாலும் ஒன்றும் கேட்காது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் புற்றுநோய்க்காக அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கருவிதான் அவருக்குக் குரல். அதற்கு முன் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் தொலைபேசியில் பேசியே பிழைத்தவர். பேச்சை விடுகிற ஆளா? புக்கிட் பாத்தோக் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து 'வாயாடி' என்று ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறார். லிஃப்டில் முறைக்கிறவர்கள், நோயாளியை விட்டுவிட்டுக் கூட வந்தவரிடம் பேசும் மருத்துவர்கள், எல்லோருக்கும் அதில் நன்றாகத் திட்டு கிடைக்கும். கேட்பவர்கள் நாற்பத்தோரு பேர். அது அவருக்குக் கொஞ்சமும் போதவில்லை.

இன்றைய மென்பொருள்கள் யாரும் சொல்லாமலே இரைச்சலைத் துடைத்துவிடுகின்றன. மின்விசிறி, ஏர்கான், ருக்கையா, மூன்றும் அவற்றுக்கு ஒன்றுதான். பக்கத்து வீட்டு அனுப்ரியாவை ஒருமுறை பேட்டி எடுத்தார். பதிவில் அனுப்ரியா தனியாகச் சிரித்து, கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஃபேன் சத்தம்னு நினைச்சு என்னையே தொடச்சிடுச்சு லா," என்று ஒரு வாரம் பொருமினார். ஒன்பதாவதாகக் கிடைத்த மென்பொருள் பழசு, இலவசம், பார்க்கவும் லட்சணமில்லை. பதிவு செய்வதைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது. "இது ஒண்ணுதான் என்னைத் திருத்த வரல," என்று அதையே வைத்துக்கொண்டார்.

சென்ற மாதம் சிராங்கூன் சாலைப் பக்கமிருந்த ஓர் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. 'வாயாடி'யைப் பல்லாயிரம் பேரிடம் கொண்டுபோவார்களாம். ஆனால் அவர்களுடைய மென்பொருளில்தான் பதிவு. ருக்கையா மகள் ஹம்னாவோடு போனார். அங்கே பொறுப்பிலிருந்த அர்ஜுன் மரியாதையான பிள்ளை. "ஆன்ட்டி, நீங்க டைப் பண்ணா போதும். உங்க பழைய வாய்ஸ்லயே பேசும்," என்றான். உம்மாவின் பழைய குரல் பதிவாகியிருந்த தன் கல்யாண வீடியோவை ஹம்னா அவருக்குத் தெரியாமல் அவனுக்கு அனுப்பி வைத்திருந்தாள்.

அவன் பொத்தானை அழுத்த, பழைய ருக்கையா அறைக்குள் பேசினார். "வாங்க, வாங்க! இதுதான் வாயாடி!" கணீரென்ற குரல், ஓரத்தில் சிரிப்பு. ஹம்னா அழுதுவிட்டாள்.

"இன்னொரு வாட்டி போடு," என்றார் ருக்கையா. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இந்தக் குரலுக்காக அவர் ஏங்காத நாளில்லை. மூன்றாம் முறையும் போடச் சொன்னார்.

"நல்லாத்தான் பேசுறா," என்றார் கடைசியில். "ஆனா இவளுக்கு கேன்சர் வந்ததே தெரியாது தம்பி. இவள யாரும் லிஃப்ட்ல மொறச்சதில்ல. இவ எதப் பத்திப் பேசுவா?"

அர்ஜுன் தயங்கினான். "இப்ப இருக்குற சவுண்ட் கேக்குறவங்களுக்குக் கஷ்டமா இருக்கும் ஆன்ட்டி. மேல ஒத்துக்க மாட்டாங்க."

"இருக்கட்டும். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

பல்லாயிரம் பேர் கேட்கும் வாய்ப்பு போனது போனதுதான் என்பது அவருக்குத் தெரியும். பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, அவன் மேசையிலேயே விரித்து, தன் பழைய மென்பொருளில் பதிவைத் தொடங்கினார். இன்றைக்கு இந்தக் கூடத்தைப் பற்றித்தான் பேசப்போவதாக அறிவித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உம்மா, மெதுவா," என்றாள் ஹம்னா.

ருக்கையா தாடைக்கடியில் பிடித்திருந்த கருவியின் பக்கவாட்டிலிருந்த சின்ன ஒலியளவுச் சக்கரத்தில் கட்டைவிரலை வைத்து, அது போகுமட்டும் மேலே தள்ளினார்.