கொயினா போதாத வருஷம்

தர்மாஸ்பத்திரி மானேஜர் என்றால் என்ன வேலை என்று கல்யாணமான புதிதில் என் மனைவி கேட்டாள். வைத்தியம் டாக்டரம்மா பார்ப்பார், மருந்து கம்பவுண்டர் கலப்பார், பிரசவமும் புண்ணுக்குக் கட்டுவதும் நர்ஸம்மா, மிச்சமெல்லாம் நான் என்றேன். கூரைக்கு ஓலை மாற்றுவது, கிணற்றுக்கு மருந்து போடுவது, மருந்துப் பெட்டி ஏற்றிவர வண்டி பிடிப்பது எல்லாம் அந்த மிச்சத்தில் அடக்கம். சேரிக்காரர்கள் உட்கார்ந்த பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று நிற்கும் ஊர்க்காரர்களிடம் தினமும் காலையில் அதே நாலு வார்த்தையைச் சொல்வதும் என் வேலைதான். ஏழு வருஷம் சொன்னேன். கடைசி வரை சிலர் நின்றுகொண்டேதான் மருந்து வாங்கினார்கள்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற சாலையில் இறங்கி, ஏரிக்கரையோடு மூன்று மைல் மேற்கே நடந்தால் எங்கள் ஆஸ்பத்திரி வரும். இரண்டு அறை, முன்னால் ஒரு நீளத் தாழ்வாரம். பட்டணத்தில் இருந்த ஒரு தர்ம சங்கம் அதை நடத்தியது. திண்டிவனத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த என்னை, இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரியும் என்பதற்காக மானேஜராகப் போட்டார்கள்.

யுத்தம் வந்ததும் டாக்டரம்மாவை ராணுவ ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டார்கள். மாதம் ஒரு முறை வேறொரு டாக்டர் ரயிலில் விழுப்புரம் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் எங்களிடம் வந்து போவார். மற்ற நாளெல்லாம் நாங்கள் மூன்று பேர்தான். அப்புறம் ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்துவிட்டான் என்று செய்தி வந்தது. அதற்கும் எங்கள் ஏரிக்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. உலகத்துக்கே குளிர் ஜுரத்துக்குக் கொடுக்கிற கொயினா அங்கேயிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்று கம்பவுண்டர் சொல்லித்தான் தெரியும்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பிய பத்து நாளில் குளிர் ஜுரம் தொடங்கிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள், அதே நேரத்துக்கு, பல் கிட்டிக்கொள்ளும்படி குளிர் வரும். தாழ்வாரம் முழுக்கச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஜனங்கள் படுத்திருந்தார்கள். நான் மருந்துப் பெட்டி வாங்க விழுப்புரம் ரயிலடிக்குப் போனேன். பார்சல் ஆபீசில் பெட்டியைக் கையில் தூக்கியதுமே தெரிந்துவிட்டது, கனமே இல்லை. உள்ளே ஒரு கடிதம். கொயினா இவ்வளவுதான் கிடைத்தது, பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் கொடுக்கவும், மற்றவர்கள் விஷயத்தில் யோசித்துச் செய்யவும் என்று எழுதியிருந்தது. யோசிக்கவேண்டியவன் நான்.

அன்று மத்தியானம் மூன்று பேரும் மருந்து அறையில் உட்கார்ந்து பேசினோம். பெரியவர்களுக்கு நிலவேம்புக் கஷாயம் கொடுப்பது என்று முடிவாயிற்று. அதை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் பேச்சு முற்றியது.

"இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிடலாம் சார்" என்றார் நர்ஸம்மா. அவர் முகையூர்ப் பக்கத்துக் கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

கம்பவுண்டர் தலையை ஆட்டினார். "சொன்னா நாளைக்கு ஒருத்தன் வரமாட்டான். இல்லாட்டி எல்லாரும் ஒரே நாள்ல வந்து அலமாரியைப் பேத்துடுவாங்க. ரெண்டும் கசப்புதானே? ஒரே கலரா கலந்துடறேன். பேஜாரு இல்லாம போவும்."

எனக்கு அன்று உடம்பெல்லாம் அசதி. வாசலில் ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சண்டை இல்லாமல் நாள் போனால் போதும் என்றிருந்தது. கம்பவுண்டர் சொன்னபடியே செய்யச் சொன்னேன். நர்ஸம்மா எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் வந்தாள். பிறத்தியார் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிப் பிழைக்கிறவள். புருஷனுக்கும் ஐந்து வயசு மகளுக்கும் ஜுரம் என்று இருவரையும் அழைத்து வந்திருந்தாள். மகளுக்குக் கொயினா, புருஷனுக்கு நிலவேம்பு. இரண்டு புட்டியிலும் வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் காகிதப் பட்டை ஒட்டிக் கொடுத்தோம். மறுநாள் காலையில் அவள் தனியாகத் திரும்பி வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"ஐயா, ரெண்டும் ஒரே மருந்துதானுங்களா?"

"ஆமாம்மா. ஏன் கேட்கிறே?"

"நாக்குல வச்சுப் பாத்தங்க. பொண்ணு மருந்து தொண்டையிலயே நிக்குது. அவரு மருந்து அப்பவே போயிடுது."

"சின்னப் பிள்ளைக்கு வேற மாதிரி கலப்பாங்க. போய் வேளைக்குக் கொடு" என்றேன்.

அவள் "சரிங்க" என்று போய்விட்டாள். பொய் சொன்னோமே என்று வருத்தப்படக்கூட எனக்கு நேரமில்லை. அடுத்த ஆள் வந்து நின்றான்.

ஒன்பதாம் நாள் அந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு நினைவு சரியாக இல்லை. நர்ஸம்மா உடனே உள்ளே வாங்கிப் படுக்கவைத்து, கைவசம் இருந்த இரண்டு கொயினா ஊசிகளில் ஒன்றைப் போட்டார். அப்புறம்தான் கேட்டார்.

"மருந்தை வேளைக்குக் குடுத்தியாம்மா?"

"பாதி குடுத்தங்க. பாதி அவருக்குக் குடுத்துட்டேன். அவரு எழுந்து வேலைக்குப் போவலன்னா அடுப்பு எரியாதுங்க. நல்ல மருந்து எதுன்னு நாக்குக்குத் தெரிஞ்சுபோச்சு." என் பக்கம் திரும்பினாள். "கொஞ்சம்தான் இருக்குது, புள்ளைக்குத்தான்னு அன்னிக்கே நீங்க சொல்லியிருந்தா பொண்ணுக்கே முழுசும் குடுத்திருப்பேனுங்க."

நர்ஸம்மா என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் தாழ்வாரத்தில் நின்று எல்லாருக்கும் சொன்னேன். கொயினா கொஞ்சம்தான் இருக்கிறது, பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும்தான், மற்றவர்களுக்கு இதுவரை கொடுத்ததும் இனிமேல் கொடுக்கப்போவதும் நிலவேம்பு என்றேன். சொந்த நிலக்காரர் ஒருவர் எழுந்து, "அது எங்க வரப்புலயே மொளச்சுக் கெடக்குது. அதுக்கா இம்மா தூரம் நடந்துக்கினு வந்தோம்?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவர் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் போனார்கள். கம்பவுண்டர் பயந்த மாதிரி யாரும் அலமாரியைத் தொடவில்லை. மிச்சப்பேர் நகர்ந்து உட்கார்ந்து, தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

பிள்ளை பிழைத்தது. மூன்று வாரம் எங்கள் அறையிலேயே கிடந்து, கேப்பைக் கூழ் கேட்கும் அளவுக்குத் தேறியது. அதற்குள் தகப்பனுக்கு ஜுரம் மறுபடியும் ஏறிவிட்டது. மிச்சமிருந்த ஒரு ஊசியையும் அவனுக்குப் போட்டோம். அதற்கு மேல் அலமாரியில் ஒன்றுமில்லை. பெட்ரோல் கிடைக்காமல் கரி கேஸில் ஓடுகிற பஸ்ஸில் திண்டிவனம் போய் மருந்துக் கடைகளில் கேட்டேன். எல்லாரும் கையை விரித்தார்கள். விழுப்புரம் ரயிலடிக்கு மூன்று தடவை போய் வந்தேன். பார்சல் குமாஸ்தா என்னைத் தூரத்தில் கண்டதுமே இல்லை என்று கையை ஆட்டினார். நாலாம் தடவை பெட்டி வந்திருந்தது. அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும்போது, எதிரே ஏரிக்கரையில் பறை அடித்துக்கொண்டு போனார்கள். யாருக்கு என்று வண்டிக்காரன் இறங்கி விசாரித்து வந்து சொன்னான். அவன்தான்.

கருமாதி முடிந்து சில நாளில் அவள் மகளுக்குச் சிரங்கு என்று வந்தாள். கம்பவுண்டரிடம் களிம்பு எடுக்கச் சொன்னேன். அவள் களிம்பை வாங்கி முகர்ந்து பார்த்து, "இது நெச மருந்துதானுங்களா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆமாம் என்றேன். பக்கத்தில் இருந்த கிழவரும் தன் புட்டியைக் காட்டி அதையே கேட்டார். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. விளக்கெண்ணெய் கொடுத்தால்கூடக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஆமாம் என்று சொல்வது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வருஷம் கொயினாவுக்குப் பதிலாக மஞ்சள் மாத்திரை வந்தது. தின்றால் தோலெல்லாம் மஞ்சளாகும். காமாலை என்று ஜனங்கள் மிரண்டுவிடக்கூடாதே என்று, முதல் வேளையை நானே எல்லார் முன்னாலும் விழுங்கி, இப்படி ஆகும், பிறகு போய்விடும் என்று சொன்னேன். சிலர் நம்பினார்கள். சிலர் வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஏரியில் எறிந்தார்கள்.

யுத்தம் முடிந்து டாக்டரம்மா திரும்பி வந்ததும், நான் பள்ளிக்கூடத்துக்கே போய்விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். கிளம்புகிற அன்று நர்ஸம்மா ஒரு பிரசவத்துக்காகப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க ரொம்பக் களைச்சுட்டீங்க சார்" என்றார். "போய் ரெஸ்ட் எடுங்க."

"உங்களுக்குக் களைப்பு இல்லையாம்மா?"

"இருக்குது சார்" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு வேகமாக நடந்தார். வலி எடுத்து வெகு நேரமாகிவிட்டதாம்.