எத்தனை கோப்பி, எத்தனை நாளா?

சீனி உருகிக் கோப்பிக் கொட்டையில் பிடிக்கிற நேரத்தில் யார் கூப்பிட்டாலும் நான் போனை எடுப்பதில்லை. அந்த நாலைந்து நிமிடம் கையை நிறுத்தினால் மொத்த வறுவலும் கரியாகிவிடும். அன்று காலை மெர்போக்கில் என் கோப்பி வறுக்கிற கொட்டகையில் போன் விடாமல் அடித்தது. எந்தக் கடைக்காரரோ சரக்கில் குறை சொல்லத்தான் இப்படி அடிக்கிறார் என்று நினைத்து, எரிச்சலோடு எடுத்தேன். தோட்ட ஆஸ்பத்திரி டிரெசர் கோவிந்தராஜுவின் மகள் புஷ்பா பேசினாள்.

“அங்கிள், அப்பா போயிட்டாரு.”

“யார் சொன்னா?”

அப்படித்தான் கேட்டேன். வாயில் வந்தது அதுதான்.

“யாரும் சொல்லல அங்கிள். நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்.”

எந்தச் செய்தியையும் யார் சொன்னது என்று கேட்காமல் நம்பக்கூடாது என்பது அவர் எனக்கு ஒட்டிவைத்துவிட்டுப் போன பழக்கம். அவர் செத்த செய்திக்கே அது பயன்பட்டது. அன்றைய வறுவல் தீய்ந்துவிட்டது. கொட்டிவிட்டுக் கிளம்பினேன்.

குருணிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இதைப் படிக்கிற உங்களில் பலர், பள்ளி விடுமுறையில் வரிசையில் நின்று அவர் கையால் விளக்கெண்ணெய் குடித்தவர்கள். ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், வெட்டுக்காயம், வயிறு எல்லாவற்றுக்கும் டிரெசர்தான். அவரைச் சிரித்த முகம், குளிர்ந்த மனம் என்றெல்லாம் எழுத என்னால் ஆகாது. நீங்களே நம்பமாட்டீர்கள். அவர் சந்தேகப் பிராணி. நானும் அதே ஜாதிதான். அதனால்தான் பன்னிரண்டு வருடம் ஒத்துப்போனது.

நாங்கள் முதலில் பார்த்துக்கொண்டது குருணில், காசிம் பாய் சாப்பாட்டுக் கடையில். அந்தக் கடைக்குத் தூள் போடுவது நான். டிரெசர் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். கடையின் பின்பக்கம், தண்டாஸுக்கு, அதாவது கழிவறைக்கு, போகிற வழியில் இருந்த மேசையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தூள் டின்னை இறக்கியதும் கூப்பிட்டார்.

“தவுக்கே, கோப்பித்தூள் முதலாளி நீங்கதானா? ஒரு விஷயம் கேக்கணும். தூள்ல நிலாவாரை கலக்குறீங்களா?”

நிலாவாரை பேதிக்குப் போடுகிற இலை. எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது.

“யாருய்யா நீங்க?”

“நான் யாருங்கிறது இருக்கட்டும். ஏழு மணியிலேருந்து பாக்குறேன். கோப்பி குடிச்சவங்க பதினோரு பேரு. பத்து நிமிஷத்துக்குள்ள நாலு பேரு பின்னால போயிட்டாங்க. தேத்தண்ணி குடிச்சவன்ல ஒருத்தன்தான் போனான். அவனும் கை கழுவ.”

காசிம் பாய் ரொட்டி கரண்டியோடு ஓடிவந்தார். “டிரெசர், அண்ணே, ரெண்டு பேருக்கும் கும்பிடு போடுறேன். சாப்பிடுறவங்க இருக்காங்க லா. தண்டாஸ் கதைய வெளியில போய்ப் பேசுங்க!”

சுங்கை பட்டாணியில் எனக்குப் போட்டியாக ஒருவர் தூள் வியாபாரத்துக்கு வந்திருந்த சமயம் அது. அவர் ஏவிவிட்ட ஆள்தான் இவர் என்று முடிவு கட்டினேன். அடுத்த வாரம் ஒரு டின் நல்ல தூளை இலவசமாக அவர் வீட்டுக்கு அனுப்பினேன். விலை போகிற ஆளாக இருந்தால் வாங்கிக்கொண்டு வாயை மூடுவார் என்பது என் கணக்கு. டின் திரும்பி வந்தது. திறந்து பார்த்தேன். இரண்டு கரண்டி குறைந்திருந்தது. சோதித்துப் பார்க்க எடுத்திருக்கிறார்.

பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் என் கொட்டகைக்கே வந்து நின்றார். மூட்டைகளைப் பிரித்துக் கையை விட்டுப் பார்த்தார். மூலையில் இருந்த மூட்டையில் ஒரு பிடி அள்ளி என் முன்னால் நீட்டினார்.

“இது என்ன?”

“சோளம். மலிவுத் தூளுக்குக் கலக்குறது. கேக்குற கடைக்காரங்ககிட்ட சொல்லித்தான் விக்கிறேன்.”

“கேக்காதவங்ககிட்ட?”

 அந்த மாதத்திலிருந்து டின் மேல் ‘சோளம் கலந்தது’ என்று ஒட்ட ஆரம்பித்தேன். அதற்கு அவருக்கு நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அதன் பிறகு அவர் செய்த வேலையை வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். தன் வயிற்றையே சோதனைக்கு விட்டார். ஒரு வாரம் என் தூள், ஒரு வாரம் போட்டிக்காரர் தூள், ஒரு வாரம் வெறும் வெந்நீர், ஒரு வாரம் சூசு என்கிற டின் பால் ஊற்றிய கோப்பி. புஷ்பாவின் பழைய பள்ளி நோட்டில் மணி, நிமிடத்தோடு எழுதிவைத்தார். மாதக் கடைசியில் காசிம் பாய் கடையில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி தீர்ப்புச் சொன்னார்.

“தூள்ல தப்பு இல்ல. கோப்பிக்கே அந்தக் குணம் இருக்கு. காலையில குடல் பாதித் தூக்கத்துல இருக்கும். வயித்துல எது விழுந்தாலும் லேசா முழிக்கும். கோப்பி தோளப் பிடிச்சு உலுக்கிடும். எல்லாருக்கும் அப்படி இல்ல, சில பேருக்குத்தான். சூசு ஊத்துனா எனக்கு வயிறு பொருமுது; அது பால் வேலை, கோப்பி வேலை இல்ல. வெறும் வயித்துல ரெண்டு கிளாஸ் அடிச்சா நெஞ்சு எரியுது.”

“அப்ப என் மேல இருந்த சந்தேகம் போயிருச்சா டிரெசரய்யா?” என்றேன்.

“தூள் மேல போயிருச்சு. உங்க மேல இன்னும் இருக்கு.”

அன்று காசிம் பாய் சிரித்த சிரிப்பில் ரொட்டி கருகியது.

கோப்பி மேல் அவருக்கு ஏன் அவ்வளவு கண் என்று பிறகொரு நாள் கேட்டேன். தோட்டத்துக் கதையைச் சொன்னார். காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்கு முன்பே ஆஸ்பத்திரி வாசலில் நாலைந்து பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். எம்.சி. கேட்டு, அதாவது வேலைக்குப் போகவேண்டாம் என்று எழுதித் தரும் சீட்டைக் கேட்டு. ரப்பர் பால் வெட்டப் போக மனமில்லாதவர்கள், வெறும் வயிற்றில் பால் ஊற்றாத கட்டியான கோப்பி-ஓவை மூன்று கிளாஸ் குடித்துவிட்டு வருவார்கள். அவர்கள் பொய்யும் சொல்லவில்லை, நிஜமாகவே போகும். டிரெசர் மருந்து பாட்டிலை எடுக்குமுன் வாயை ஊதச் சொல்வாராம். கோப்பி வாடை வந்தால் எம்.சி. கிடையாது.

“ஒரு நாள் அஞ்சலைன்னு ஒரு பொம்பள வந்துச்சு. வயித்து வலி, ரெண்டு தடவ போயிட்டேன்னுச்சு. ஊதச் சொன்னேன். கோப்பி வாடை. ‘போ, போயி மரத்த வெட்டு’ன்னு தொரத்திட்டேன். பத்து மணிக்கு ரப்பர் மர நெரையிலேருந்து தூக்கிட்டு வந்தாங்க. குடல்வால் வெடிச்சிருச்சு. உயிர் பொழச்சதே பெருசு. எல்லா நாளும் காலையில குடிக்கிற மாதிரி அன்னைக்கும் ஒரு கோப்பி குடிச்சிருக்கு, அவ்வளவுதான். எத்தனை கோப்பி, எத்தனை நாளா வலி, இந்த ரெண்டு கேள்வியக் கேட்டிருந்தா போதும். நான் மூக்க நம்புனேன்.”

எழுந்து போகும்போது, “அன்னையிலேருந்து நான் கோப்பியையும் நம்புறதில்ல, என்னையும் நம்புறதில்ல தவுக்கே” என்றார்.

அதற்குப் பிறகு வயிறு என்று யார் வாயைத் திறந்தாலும் அந்த இரண்டு கேள்விதான். கல்யாண வீட்டிலும் கேட்பார், சாவு வீட்டிலும் கேட்பார். ‘கோப்பி குடிச்சாத்தான் வருது’ என்று பெருமையடிப்பவர்களைக் கண்டால் இன்னும் மோசம்: “தண்ணி குடிக்கிறியா? பழம் திங்கிறியா? கீரை? ஒண்ணும் கிடையாது. எல்லாத்தையும் கோப்பி தலையில கட்டிட்டியா?” பலர் அவரைக் கண்டால் தெருவை மாற்றி நடந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி எழுதப்போவது எனக்குச் சுலபமான பகுதி அல்ல.

போன வருடம் ஒரு நாள் கடையில் என்னைப் பார்த்ததும், “தூள மாத்திட்டீங்களா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப ஏன் எனக்குக் காலையில மூணு தடவ போகுது?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் பழைய சந்தேகமா என்று. அதே கொட்டை, அதே வறுவல், அதே ஆள் என்று கொட்டகையில் வந்து பார்க்கச் சொன்னேன். அடுத்த முறையும் அதையே கேட்டார். அதற்கடுத்த முறையும். நானும் குரலை உயர்த்தினேன். “டிரெசரய்யா, உங்களுக்கு வயசாயிருச்சு, தூளுக்கு ஒண்ணும் ஆகல” என்று சொன்னேன். அதைச் சொன்ன வாய் இதுதான். ஒரு மாதத்துக்கு மேல் அவர் இருக்கும் நேரத்தில் அந்தக் கடைக்குச் சரக்கு இறக்கப் போகவில்லை.

சரக்கைக் காப்பாற்றுவதுதான் வியாபாரியின் முதல் புத்தி. அவர் வயிற்றைப் பற்றிப் பேசினார். நான் என் தூளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காசிம் பாய்தான் ஒரு நாள் டின்னை வாங்கும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார். “அண்ணே, டிரெசர் இப்பல்லாம் கோப்பி குடிக்கிறதில்ல. ரெண்டு மாசமா வெந்நீர்தான். ஆனா உக்கார்ற மேசை மட்டும் மாறல. தண்டாஸ் கிட்ட இருக்கணும்ல.”

டின்னை மேசைமேல் வைத்தேன். கோப்பியை நிறுத்தியும் நிற்கவில்லை என்றால் அது கோப்பி இல்லை. அவர் தன் வயிற்றில் செய்து காட்டிய சோதனையே அதுதான். வெந்நீர் வாரத்தில் அவருக்கு இப்படி அடிக்கடி போகவில்லை. நோட்டில் எழுதி எனக்கே காட்டியிருக்கிறார். அவருக்கு இது தெரியாதா?

நேராக அவர் வீட்டுக்கு வண்டியை விட்டேன். வாசலில் உட்கார்ந்திருந்தார். சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் உட்காரவில்லை.

“எத்தனை கோப்பி?”

முறைத்தார். பிறகு, “ஒண்ணும் இல்ல” என்றார்.

“எத்தனை நாளா?”

 உள்ளேயிருந்து புஷ்பா எட்டிப் பார்த்தாள்.

“நாலு மாசம் இருக்கும்” என்றார் அவர்.

“ரத்தம்?”

“இங்க டிரெசர் யாரு, நீயா நானா?”

என்னை அவர் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து ஏறினார்.

அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வண்டிக்குள் தூள் வாசனை. பாதி தூரத்தில் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

“உன் தூளை ஏன் திரும்பத் திரும்பக் கேட்டேன் தெரியுமா? தூளா இருந்தா நல்லா இருக்கும்னுதான்.”

பெருங்குடலில் கட்டி. ஒன்பது மாதம் இருந்தார். இன்னும் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தபோது, டிரெசரே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். தோட்டத்து ஆட்கள் எல்லாரையும் துருவித் துருவிக் கேட்டவர், தன்னைக் கேட்காமல் தள்ளிப்போட்டார். ஊர் முழுக்க அவர் கேள்விக்குப் பயந்தது. கடைசியில் அவரும் பயந்தார். இதை எழுதினால் அவருக்குக் கௌரவக் குறைச்சல் என்று புஷ்பா நினைக்கலாமே என்று அவளிடமே கேட்டுப் பார்த்தேன். “எழுதுங்க அங்கிள், அப்பா இருந்தா அவரே எழுதச் சொல்வாரு” என்றாள்.

அவர் நோட்டு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது அந்த வீட்டில் இருக்கட்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த இரண்டு கேள்விகளை மட்டும்தான். போன வாரம் குருணில் சாப்பாட்டுக் கடை நடத்துகிற ஓர் அக்கா, “உங்க தூள் இப்பல்லாம் வயித்தக் கலக்குது தம்பி, வேற தூளுக்கு மாறப்போறேன்” என்றார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு என்றால் வறுவலைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்திருப்பேன்.

“எத்தனை கோப்பிக்கா?” என்றேன்.

“ஒண்ணுதான்.”

“எத்தனை நாளா?”

அவர் கையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே டிரெசர் வீட்டு வாசலில் பார்த்திருக்கிறேன்.

“தூள மாத்துங்கக்கா, பரவாயில்ல. ஆனா முதல்ல கடைய யாரையாச்சும் பாத்துக்கச் சொல்லுங்க. வண்டி வெளியேதான் நிக்குது.”