மூன்றாம் பக்கம் இல்லாத அறிக்கை

மலாக்கா நகரில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் றெஜினா இராஜரட்ணத்தின் அலுவலகம் இருந்தது. நிலம், வீடு, தோட்டம் எதுவானாலும் நேரில் போய்ப் பார்த்து, அதன் விலையைக் கணித்து அறிக்கை எழுதித் தருவது அவள் தொழில். பத்தொன்பது வருடமாகச் செய்கிறாள். "அந்த அம்மாகிட்ட போனா வேலை சுத்தமா இருக்கும், ஆனா உயிர வாங்கிடும்" என்று வங்கிகளில் சொல்வார்கள்.

அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளை மதிப்பிட அவளை அனுப்பினார்கள். வாங்கப்போகிறவரே கேட்ட மதிப்பீடு அது. முதலாளி சொன்னபடி அந்தப் பெயரை விட்டுவிட்டு அறிக்கையைத் தட்டச்சு செய்தாள். அரசாங்கம்தான் விலை போட்டிருக்கிறது என்று நம்பி, அங்கே குடியிருந்த முப்பது குடும்பங்கள், கைக்கு வந்த குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறின. அன்றிலிருந்து, கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார் என்று எழுதாமல் அவள் எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் குத்தகை வேலை எடுத்துச் செய்யும் பரமேஸ்வரன் அவளிடம் வந்தார். செலண்டாரில் அப்பா விட்டுப்போன எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம், ஆறு ஏக்கர். அவருக்குப் பாதி, தங்கைக்குப் பாதி. தங்கையின் பங்கைத் தானே வாங்கப் போவதாகச் சொல்லி, பத்திரம் எழுதும் வழக்கறிஞரின் பெயரையும் கொடுத்தார்.

"என் பேரு போட வேணாம் மிஸ். சும்மா விலை மட்டும் போதும் லா."

"பேரு இல்லாம ரிப்போர்ட் இல்ல. நீங்க கேட்டீங்க, தங்கச்சி பங்கு வாங்க கேட்டீங்கன்னு மூணாம் பக்கத்துல இருக்கும்."

முகத்தைச் சுளித்தாலும் ஒத்துக்கொண்டார். போகும்போது இன்னொன்று கேட்டார்: நிலத்தை அவசரமாக விற்றால் என்ன கிடைக்கும் என்று ஒரு விலையும் வேண்டும். கேட்பதில் தவறில்லை. சந்தை விலையையும் இரண்டு விலைகளுக்கான விளக்கத்தையும் மூன்றாம் பக்கத்திலும், மிகக் குறைந்த அவசர விலையை மட்டும் கடைசிப் பக்கத்திலும் எழுதி, அந்தக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தொலைபேசி அடித்தது.

"அக்கா, என் பேரு பவானேஸ்வரி. செலண்டார்ல இருக்கேன், பாலர் பள்ளில வேலை. உங்க சைன் போட்ட ரிப்போர்ட் கையில இருக்கு. திங்கக்கிழமை லோயர் ஆபீஸ்ல சைன் வைக்கணும். இந்த விலை சரிதானா?"

றெஜினா கேட்டாள்: "யாரு குடுத்தாங்க?"

"அண்ணன்தான். லோயரே எடுத்ததுன்னாரு. கடைசி பக்கத்துல விலை போட்டிருக்கு."

வாய்வரை வந்ததை றெஜினா விழுங்கினாள். பரமேஸ்வரன் அவளுடைய வாடிக்கையாளர். அவர் அனுமதியில்லாமல் அறிக்கையில் இருப்பதை வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் மதிப்பீட்டாளர் வாரியம் தொழில் உரிமத்தையே பறித்துவிடும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை இந்தப் பெண்ணின் நிலம் போகும்.

"ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில நம்பர் இருக்கும்மா. வாசிங்க."

தாள் புரளும் சத்தம். "ஒண்ணு... ரெண்டு... நாலு..." குரல் நின்றது. "மூணு இல்லக்கா."

"ஒரு பக்கம் குறைஞ்சாலும் அது என் ரிப்போர்ட் இல்ல. அத நம்பி சைன் வைக்காதீங்க. குடுத்தவர்கிட்டயே முழுசா கேளுங்க."

"அதுல என்னா இருக்கு? அண்ணன்தான் உங்கள கேட்டாரா?"

"அத நான் சொல்ல முடியாது."

"நீங்களும் அவரு பக்கம்தானே!" இணைப்பு அறுந்தது.

றெஜினா போனை வைத்தாள். அவள் கோபம் பரமேஸ்வரன் மேல் மட்டுமல்ல, தன் மேலும்தான். சந்தை விலை ஒரு பக்கத்திலும் கையெழுத்து வேறொரு பக்கத்திலுமாகப் பிரித்து வைத்தது அவளேதான். பக்கத்தை உருவ அவருக்கு வழி விட்டிருந்தாள்.

உடனே அவரை அழைத்தாள். முழு அறிக்கையைத் தங்கையிடம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இந்த அறிக்கையை நம்ப வேண்டாம் என்று வழக்கறிஞருக்கு எழுதுவேன் என்றாள்.

"காசு குடுத்தவன் நான். என் விஷயத்த வெளிய விட்டீங்கன்னா போர்டுக்கு கம்ப்ளேன் போடுவேன், பாத்துக்குங்க!"

"போடுங்க. திங்கக்கிழமை எட்டு மணி வரைக்கும் டைம்."

சொன்னதையே கடிதமாகவும் அனுப்பினாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. மாதா கோவில் பூசையில் உட்கார்ந்திருந்தபோதும் போனை மடியிலேயே வைத்திருந்தாள். திங்கள் எட்டு மணி கடந்தது. பதில் இல்லை. வழக்கறிஞருக்கு இரண்டே வரியில், அறிக்கை முழுமையாக இல்லை, இதை நம்ப வேண்டாம் என்று அனுப்பிவிட்டு அலுவலகக் கதவைப் பார்த்தபடி இருந்தாள்.

பதினோரு மணிக்கு அந்த வழக்கறிஞரே அழைத்தார். அவர் றெஜினாவின் கடிதத்தைப் படிக்குமுன்பே பவானேஸ்வரி தாள்களை மேசையில் வைத்து, "மூணாம் பக்கம் எங்க?" என்று கேட்டுவிட்டாளாம். பரமேஸ்வரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாராம். கையெழுத்து நடக்கவில்லை.

பரமேஸ்வரன் சொன்னபடி புகார் கொடுத்தார். ஐந்து மாதம் விளக்கம் எழுதி எழுதி றெஜினா இளைத்துப்போனாள். முடிவில் வாரியம் அவள் மேல் குற்றமில்லை என்றது. ஆனால் விளக்கத்தைப் பிரித்துவிட்டு, அவசர விலை இருந்த பக்கத்தில் மட்டும் கையெழுத்திட்டது கவனக்குறைவு என்றும் எழுதியது. அந்த வரியை அவள் மறுக்கவில்லை.

இதற்கிடையில் பவானேஸ்வரி மாடிப்படி ஏறி வந்தாள். தன் பங்குக்கு ஒரு மதிப்பீடு வேண்டும், நீங்களே செய்யுங்கள் என்றாள்.

"நான் செய்யக்கூடாதும்மா. அந்த நிலத்துக்கு ஏற்கெனவே வேற ஒருத்தருக்காக வேலை செஞ்சிருக்கேன். ஜாசின்ல ஒரு நல்ல ஆளு இருக்காரு, அட்ரஸ் தர்றேன்."

"இன்னமும் பேரு சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"நீங்க ரொம்ப கஷ்டமான ஆளுக்கா" என்றபடி பவானேஸ்வரி முகவரியை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். அந்த ஆண்டு முடிவதற்குள், புதிய அறிக்கை சொன்ன விலைக்கே அண்ணன் அவள் பங்கை வாங்கினார். அண்ணன் தங்கை பேச்சு மட்டும் நின்றது நின்றதுதான்.