பாடிக்குப் போகும் நடை

"பாடி, பாடி!" என்ற ஷேர் ஆட்டோ குரல் கேட்டாலே அந்த ஏமாற்றம் நினைவுக்கு வரும்.

"பாடியை அசைக்கணும்மா. சர்க்கரை குறையலைன்னா ஊசிதான்" என்றார் டாக்டர். மண்ணூர்பேட்டையிலிருந்து பாடிக்கு வேலைக்குப் போய்வரும் எனக்கு, நடை இலக்கைத் தாண்டியதாகத் தினமும் போன் வாழ்த்துச் சொன்னது. சர்க்கரை மட்டும் இறங்கவேயில்லை.

ஒருநாள் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே போனைப் பார்த்தேன். குலுக்கிப்போட்ட ஒவ்வொரு பள்ளத்துக்கும் காலடிக் கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. எனக்காகச் சாலைதான் இத்தனை நாளும் நடந்திருக்கிறது!

இப்போது வேறெங்காவது போக வண்டியில் ஏறினால் நடைக்கணக்கை நிறுத்திவிடுகிறேன். பாடி வரை வெயிலோ தூறலோ, நடைதான்.

நேற்று அதே ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது.

"இன்னாக்கா, கோச்சிகினியா? ஏறு, பாடி, பாடி!"

"இந்தப் பாடிக்காகத்தான் நடக்கிறேன். நீ கெளம்பு நைனா!"