வெளிநாட்டுப் புளியங்கொட்டை

திருச்செங்கோட்டை அடுத்த எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் அம்மா ஆசிரியை. பாய் விரித்து, பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, பட அட்டையும் புளியங்கொட்டையும் கொடுத்துத்தான் எழுத்தும் கணக்கும் சொல்லித் தருவார். நானும் பெரியப்பா மகளும் அங்கேதான் இரண்டாம் வகுப்பு. அவளுக்குப் படிப்பு மெதுவாகத்தான் ஏறும். அட்டையைக் கையில் கொடுத்தால் மட்டும் வாய் திறப்பாள்.

கோழிப்பண்ணை வைத்திருந்த பெரியப்பாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "பாய் விரிச்சு உக்கார வெச்சா தூக்கந்தான் வரும், படிப்பா வரும்?" என்று சொல்லி, மனப்பாடத்துக்குப் பேர்போன ஒரு தனியார் பள்ளியில் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே அவள் படிப்போடு பேச்சையும் விட்டுவிட்டாள். நான் போய்க் கூப்பிட்டால்கூடத் தலை நிமிர்த்தமாட்டாள். எனக்கு அழுகையாக வரும்.

அடுத்த வருஷம் இன்னொரு பள்ளி. சேர்த்துச் சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பெரியப்பா வரச் சொன்னார். போனால், கூடத்தில் பாய். பாயில் பட அட்டைகள், ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை. நடுவில் அவள் உட்கார்ந்து, கொட்டைகளை எடுத்து வைத்துச் சத்தமாகக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"பாரு அம்மிணி, இதுக்குப் பேரு இன்டர்நேஷனல் மெத்தட். புள்ளைய எப்புடி மாத்திப்போட்டாங்க பாத்தியா? உங்க பள்ளிக்கூடத்துக்கு இதெல்லாம் எப்ப வரப்போகுது?" என்று பெரியப்பா அம்மாவைக் கேட்டார்.

கொட்டை என்னவோ அவர் தோட்டத்துப் புளியமரத்துடையதுதான். பேர் வைத்தால் அதற்கும் மவுசு வந்துவிடுகிறது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பெரியப்பா, எங்க அம்மாளும் இதே மாதிரிதானுங்க..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் மீதிப் பேச்சு தொண்டையோடு நின்றுவிட்டது.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க மாமா. இந்தப் பள்ளிக்கூடத்தையே உட்டுடாம படிக்க வையுங்க" என்றார் அம்மா.

வீடு வந்து சேரும்வரை அம்மாவின் கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்தேன். பெரியப்பாவுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டதாகத்தான் நினைத்தேன். அம்மாவை எண்ணி வெட்கப்பட்டேன். அது ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பாடம்தான் என்று தெரிந்தால் பெரியப்பா மறுநாளே அங்கிருந்தும் அவளை நிறுத்திவிடுவார், அவள் மறுபடியும் வாயடைத்துப் போய்விடுவாள் என்று அம்மா பயந்தது அப்போது எனக்குப் புரியவில்லை.