பாதியில் நிறுத்திய பாட்டு

தாம்பரத்தில் கேசட் பதிவு செய்யும் கடையில் வேலை பார்த்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன், எதற்கும் பயம். கல்லூரி மாணவன் ஒருவன் தந்த டெத் மெட்டல் என்ற முரட்டு ராக் இசைக் கேசட்டில் யாரோ அடித்தொண்டையில் உறுமினார்கள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, சத்தத்துக்கேற்ப ஏறி இறங்கும் லெவல் விளக்குகளைப் பார்த்தே பதிவு செய்தேன். விளக்குகள் தணிந்ததும் பாட்டு முடிந்ததென்று நிறுத்திவிட்டேன்.

மறுநாள் அவன் வந்தான். "என்னண்ணா, பாதியில கட் பண்ணிட்டீங்க?"

"பேய் புடிச்ச மாதிரி கத்துறான்ப்பா."

"அதுக்கப்புறம் கேளுங்கண்ணா."

இம்முறை சத்தத்தோடு ஓடவிட்டேன். விளக்குகள் தணிந்த அதே இடத்தில் தனி கிடார் ஒன்று, கம்பியில் விரல் நகர்வதுகூடக் கேட்கும்படி மெதுவாக வாசித்தது. டிரம்ஸ் தாளத்தை மாற்றி மாற்றி அதைச் சுற்றி வந்தது. பிறகு உறுமல் திரும்பியது. அப்பாவுக்குக் கொள்ளி வைத்த அன்று என் தொண்டையிலேயே நின்றுபோன சத்தம் அது.

இன்றும் எந்தப் பாட்டு தணிந்தாலும், அந்த உறுமல் வரப்போகிறதென்று விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போகிறது. வராவிட்டால், பாட்டு முடிந்த பிறகும் அதற்காகக் காத்திருக்கிறேன்.