தொப்பி போட்ட அலாரம்

ஆல்பனியில் எங்கள் ஆபீசில் நேற்று தீ ஒத்திகை. மணி அடித்ததும் எல்லோரும் காப்பிக் கோப்பையோடு சாவகாசமாகப் படியிறங்கினார்கள். கீழே போய்ச் சேர்ந்த பிறகு பார்க்கிறேன், என் கையில் லேப்டாப் பை. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. நான் மாறவே இல்லை, போங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே நகரத்தின் இன்னொரு பகுதியான ஹில்ஸ்பரோவில் ஒரு பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தேன். கூட இருந்தவர் சிவா அண்ணா, யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட். பகலில் அவர் தூங்குவார், நான் சமைப்பேன். வரமிளகாயைத் தாளித்தால் போதும், கூரையில் இருந்த புகை அலாரம் ஊரைக் கூட்டிவிடும். பாவம், மனிதர் தூங்கட்டுமே என்று அதற்கு ஒரு ஷவர் தொப்பியை மாட்டிவிட்டேன். சிரிக்காதீர்கள், நம்மவர்கள் பலர் வீட்டில் அப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம், அப்பளம் பொரிக்க எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டு அம்மாவோடு போனில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் நெருப்பு சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. பயம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. "அப்புறம் பேசறேம்மா" என்று போனை வைத்தேன். பாஸ்போர்ட், விசா காகிதம் எல்லாம் இருந்த ஃபைலை எடுத்தேன். வாசலில் குனிந்து ஷூ நாடாவைக் கூடக் கட்டினேன். வெளியே புல்லில் நின்று ஃபைலைப் புரட்டும்போதுதான் பின்னறையில் ஒரு ஆள் தூங்குகிறார் என்பது நினைவுக்கு வந்தது.

கத்த வேண்டும் என்று தெரிந்தது. சத்தம் வரவில்லை. கால் நகரவில்லை. மரக்கட்டை மாதிரி நின்றேன்.

ஜன்னல் கண்ணாடி உடைந்தது. புகைக்கு அடியில் தரையோடு தவழ்ந்து வந்த சிவா அண்ணா, இடுப்பில் கட்டிய சாரத்தோடு வெளியே விழுந்தார். இருமி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ கூப்பிட்ட சத்தத்திலதான் எழும்பினனான். இல்லாட்டி முடிஞ்சிருப்பன்."

"ஆமாண்ணா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் கல்யாணத்தில், பிள்ளைகளின் பிறந்தநாளில், பார்த்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். நானும் தலையை ஆட்டிக்கொண்டு கேக் தின்றேன். வெட்கம் என்று ஒன்று இருந்தது, அதுவும் மரத்துப்போனது.

அந்த வீட்டை இடித்து டவுன்ஹவுஸ் கட்டிவிட்டார்கள். அண்ணாவும் போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். சுடுகாட்டில் அவருடைய மூத்த மகள் என்னிடம் வந்தாள். அன்றைக்கு அப்பாவை என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"'அண்ணா, எழுந்திருங்க'ன்னு கூப்பிட்டேம்மா" என்றேன்.

இத்தனை வருஷம் மறுக்காமல்தான் இருந்தேன். அன்று முதல்முறையாக நானே சொன்னேன். உண்மையைக் கேட்டு என்னைத் திட்டியிருக்க வேண்டிய ஒரே மனிதர் இப்போது இல்லை.